முயல் தொடாத கொல்லை

மலைச்சரிவில் இருந்த அந்த மடத்துக்கு மருதப்பன் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. ஒரே மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, மருமகளையும் பேத்தியையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மடத்தை நடத்திய நாச்சியம்மை அவருடைய கடைசித் தங்கையைவிட இளையவள். ஆனாலும் அவளை 'அம்மை' என்றே அழைத்தார்.

"உங்களுக்கு என்ன தெரியும், ஐயா?" என்று கேட்டாள்.

"வெள்ளாமை தெரியும்."

மடத்துக் கொல்லையை அவரிடம் விட்டாள்.

தட்டைப்பயறு போட்டார். சிறுகீரை தெளித்தார். ஓரமாக நிலக்கடலையும் ஊன்றினார். எல்லாம் முளைத்துத் தளதளவென்று வரும் நேரத்தில் முயல் வந்தது. பயற்றங்கொழுந்தைக் கிள்ளி எடுத்த மாதிரி தின்றுவிட்டுப் போனது. முள்வேலி கட்டினார். வேலிக்கடியில் குழி பறித்துக்கொண்டு வந்தது. கீரைப் பாத்தியில் மண்தான் மிஞ்சியது.

மருதப்பன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நாச்சியம்மை வந்து பக்கத்தில் நின்றாள்.

"வளர்க்கிறதும் பறிகொடுக்கிறதுமே என் பிழைப்பாப் போச்சு, அம்மை. பறிபோகாத மாதிரி வளர்க்க ஒரு வழி சொல்லுங்க."

"முயல் எதைத் தொடவில்லை?"

அவர் சுற்றிப் பார்த்தார். மிளகாய் நின்றது. வெங்காயம் நின்றது. கிணற்றடியில் கற்பூரவல்லியும் கற்றாழையும் நின்றன.

அவருக்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. மிஞ்சிய பயற்றையும் கடலையையும் பிடுங்கி எறிந்தார். கொல்லை முழுக்க மிளகாயும் வெங்காயமும் வைத்தார். முயல் ஒரு விடியற்காலை வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

மருதப்பன் நிம்மதியாகத் தூங்கினார். மடத்தில் எல்லாரும் கஞ்சிக்கு மிளகாய்த் துவையலும் பச்சை வெங்காயமும் தொட்டுக்கொண்டார்கள். நாச்சியம்மையும் அதையே சாப்பிட்டாள்.

மிளகாய் பழுக்கிற காலத்தில் மருமகள் முத்தரசி வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"வரவேண்டாம்னு சொன்னீங்க, மாமா. இவதான் தாத்தா தாத்தான்னு ஒரே அழுகை."

மருதப்பன் குழந்தையின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அது அப்படியே மகனின் சாடை. உள்ளே கூட்டிப்போய்க் கஞ்சியும் துவையலும் வைத்தார். குழந்தை ஒரு வாய் வாங்கியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"காரமா இருக்கு, தாத்தா. வேற ஒண்ணும் இல்லையா?"

"இரு தாயி, கொண்டாரேன்."

எழுந்து கொல்லைக்குப் போனார். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தார். குழந்தை கையில் கொடுக்க ஒரு பிஞ்சு இல்லை. உரித்துக் கொடுக்க ஒரு கடலை இல்லை. செக்கச்செவேலென்று மிளகாய் குலுங்கிக்கொண்டிருந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோது குழந்தை உப்புக் கஞ்சியை இரண்டு மிடறு குடித்துவிட்டு அம்மாவின் தோளில் தூங்கிப்போயிருந்தது. வெயில் தாழ்ந்ததும் முத்தரசி கிளம்பினாள். மடத்து வாசலில் நின்று, அவர்கள் வளைவில் மறையும்வரை மருதப்பன் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சியம்மை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். அவர் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் கேட்டது கொல்லையைப் பத்தி மட்டும் இல்லை, அம்மை."

"தெரியும், ஐயா."

"பிள்ளை பசியோட போகுது."

அவள் திரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பயறு விதைக்கலாம்னு பார்க்கிறேன்," என்றார். பிறகு, குரல் இறங்கி, "ஆனா முயல் வருமே."

"வரும். பேத்தியும் வருவாள்," என்றாள் நாச்சியம்மை. "கொஞ்சம் கூடுதலாகவே விதையுங்கள், ஐயா."