ஞாயிறு ஒன்பது மணிக்குப் பெரிய திரையில்

பொழுது அடைந்து விளக்குப் போட்ட நேரம். உள்ளறையிலிருந்து உர்ர்ர் என்று ஒரு சத்தம். யாரோ ஓடிவந்து ஒளிந்துகொண்டு மூச்சு வாங்குவதுபோல் இருந்தது. ரெஜினா நாற்பது நாள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கொழுந்தன்மார் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். கஸ்பார் துடுப்போடு வந்தான். இன்னாசி கஸ்பாருக்குப் பின்னால் வந்தான்.

மூச்சு வாங்கியது கம்ப்யூட்டர்தான். புதிய பதிப்பு வந்துவிட்டதாம், மாற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றது.

ஆறு மாசமாகத் தினமும் கேட்கிற கேள்விதான். ஏழு மணியானால் 'பிறகு' என்ற பொத்தானை அமுக்குவது இன்னாசியின் பொறுப்பு. அவனுக்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே பொறுப்பும் அதுதான். இன்றைக்கு அந்தப் பொத்தானையே காணோம். 'இப்போதே மாற்றவா, ஒன்பது மணிக்கு மாற்றவா?' என்று மட்டும் இருந்தது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்குத்தான் மிக்கேல் கூப்பிடுவான். ரெஜினாவின் புருஷன், கப்பலில் வேலை. பெற்ற மகளை இன்னும் பார்க்கவில்லை. "செல்போன்ல வெரல் தண்டிக்குப் பார்க்க மாட்டேன். என் மவளை முதமுதலா ஞாயிறு ஒம்பது மணிக்குப் பெரிய ஸ்கிரீன்லதான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டான். அந்த வீட்டில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மீறியதில்லை. ரெஜினாவோ கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். எழுதியிருப்பது எதுவானாலும் அதற்குக் கீழ்ப்படிந்துவிடுவாள்.

"போன தடவை மாத்துனப்போ மூலையில கெடந்த பொத்தான் நடுவுல வந்துட்டு மைனி. நான் மூணு நாளு மூலையையே அமுக்கிட்டுக் கெடந்தேன்" என்றான் கஸ்பார்.

"மாத்தலேன்னா?"

"ஒம்பது மணிக்கு அதுவே மாத்திக்கிடும். அண்ணன் பாதியில நிப்பான்."

"எந்தப் பாதி?" என்றான் இன்னாசி.

கஸ்பார் யோசித்தான். "இடுப்புக்கு மேலதான்."

"எனக்குப் பயமா இருக்கு தம்பி, இப்பவே அமுக்கிருங்க" என்றாள் ரெஜினா.

அமுக்கினார்கள். 'முடியும்வரை மின்சாரம் தடைபடக் கூடாது' என்று வந்ததை ரெஜினா உரக்க வாசித்தாள். உடனே கஸ்பார், கரண்ட் தீர்ந்துவிடக் கூடாதென்று ஃபிரிட்ஜை நிறுத்தினான், ஃபேனை நிறுத்தினான், வீடு முழுக்க விளக்கை நிறுத்தினான். இன்னாசி பிளக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். புழுக்கத்தில் குழந்தை வீறிட்டது.

"மைனி, அறுவத்திரண்டு சதவீதம்தான் ஆயிருக்குன்னு பாப்பாகிட்ட சொல்லுங்க" என்றான் கஸ்பார்.

சொன்னாள். குழந்தை கேட்கவில்லை.

எட்டு நாற்பதுக்கு எண்பத்தேழில் வந்து நின்றது. அப்போது வாசலில் தட்டல். கஸ்பார் துடுப்பைத் தூக்கினான்.

"ரெஜி, நான்தான்!"

மிக்கேலின் குரலேதான். ரெஜினா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கும்மிருட்டில் பெட்டியும் கையுமாக நின்றான். கப்பல் இரண்டு நாள் முன்னாடியே கரை சேர்ந்துவிட்டதாம். சொல்லாமல் வந்து அசத்தலாம் என்று நினைத்தானாம். ரெஜினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்க் குழந்தையை எடுத்து வந்து நீட்டப் போனாள். குறுக்கே துடுப்பு வந்தது.

"அண்ணே, நில்லு. நீ உள்ள வந்துட்டா ஒம்பது மணிக்கு அந்தப் பக்கம் யாரு இருப்பா?"

ரெஜினா நீட்டப் போன கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். நியாயமான கேள்விதானே.

"ஆறு மாசம் தள்ளிப்போட்டதை உனக்காகத்தான் இன்னைக்கு மாத்துதோம்" என்று பிளக்குப் பக்கமிருந்து இன்னாசி கத்தினான்.

மிக்கேலும் அந்த வீட்டுப் பிள்ளைதான். சட்டென்று இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டான். "நல்லவேளை, இருட்டா இருந்துது. நான் ஒண்ணும் பார்க்கலை. எத்தனை சதவீதம்?"

"எண்பத்தேழுங்க" என்றாள் ரெஜினா.

"சரி, லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கிட்டுப் படியில உட்கார்ந்து ஒம்பது மணிக்குக் கூப்பிடுதேன். கதவைத் தாழ் போட்டுக்கோ ரெஜி. தப்பித்தவறிப் பார்த்துத் தொலைச்சிரப் போறேன்."

ரெஜினா பெட்டியை மட்டும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, மேல்தாழ் கீழ்தாழ் இரண்டையும் போட்டாள்.