மிளகு ராஜாவா இருந்த ஒரு நாள்

தென்காசியில ஒரு வீடு. அந்த வீட்டு அடுக்களையில வருஷம் பூரா மிளகாய்தான் ராஜா. குழம்போ கூட்டோ துவையலோ, மிளகாயைக் கேக்காம எதுவும் அடுப்புல ஏறாது. மிளகு மேல் தட்டு மூலையில ஒரு டப்பாக்குள்ள கெடக்கும். யாருக்காவது சளி பிடிச்சாத்தான் அதோட ஞாபகம் வரும்.

ஆனா வருஷத்துல ஒரு நாள் ஆட்சி மாறும். அது திவச நாள். அன்னிக்கு மிளகாய் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, கோசும் கேரட்டும் கூடவே கூடாது. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம முன்னோர் கண்ணால பாத்தது இல்ல, அதனால அவங்க இலையில வைக்கக்கூடாதுன்னு அந்த வீட்டுல வழக்கம். காரம் வேணும்னா மிளகுதான்.

அந்த ஒரு நாளுக்காக மிளகு வருஷம் பூரா காத்துக்கிட்டு இருக்கும். மூலையில கெடந்தவனுக்கு ஒரே ஒரு நாள் நாற்காலி கெடைச்சா எப்படி ஆடுவான்னு நாம பாக்காததா?

இந்தத் தடவை வந்தது வீட்டுக்காரர் அம்பலவாணனோட தலைத்திவசம். அவர் போய் ஒரு வருஷம் ஆயிருச்சு. காலையிலயே அவரோட அக்கா ஆவுடையம்மா ஆட்டோவுல வந்து எறங்கினாங்க. எறங்கினதும் நேரா அடுக்களைக்குள்ள வந்து தம்பி பொண்டாட்டிகிட்ட சொன்னாங்க.

"கோமதி, கூடாத காயெல்லாம் கண்ணுல படக்கூடாது. ஒதுக்கி வெளிய வை."

"சரி மதினி," ன்னு கோமதி கூடையை எடுத்தாங்க.

மேல் தட்டுல மிளகு டப்பாவோட மூடி தெறந்திருந்துச்சு. மிளகு விளிம்புல ஏறி நின்னுக்கிச்சு. முகம் பூரா சுருக்கம், குரல் மட்டும் கம்பீரம்.

"எல்லாரும் வரிசையா வாங்க. எந்த ஊருன்னு சொல்லிட்டு உள்ள போங்க."

வாழைக்காய் சொல்லுச்சு, "இங்கதான் அண்ணாச்சி, கொல்லையில."

"போ."

புடலங்காய் போச்சு, அவரைக்காய் போச்சு. பாகற்காய் எதுவுமே சொல்லாம மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே போச்சு. அது எப்பவும் அப்படித்தான்.

தக்காளி வாயைத் தெறக்குறதுக்கு முன்னாடியே அழுதுருச்சு. "எனக்குத் தென் அமெரிக்கா... ஆனா அண்ணாச்சி, சளி பிடிச்சா வைக்குற ரசத்துல நீங்களும் நானும்..."

"ரசம் வேற, திவசம் வேற. தள்ளி நில்லு."

அடுத்து மிளகாய். அது வந்து நின்ன தோரணையே சண்டைக்கு வந்த மாதிரி இருந்துச்சு.

"தினமும் பாக்குற மூஞ்சிதானே? இன்னிக்கு என்ன புதுசா விசாரணை?"

"எந்த ஊரு?"

"மெக்சிகோ. இப்ப என்னங்குற?"

"நடையைக் கட்டு. போறப்ப எம்பேரைக் கழட்டி வச்சுட்டுப் போ. எம்பேருல ஒரு காயை ஒட்டவச்சு மிளகாய்னு சொல்லிக்கிட்டுத் திரியுத."

"நானா வச்சுக்கிட்டேன்? இந்த ஊரு ஆளுங்க வச்சது. உறைப்புன்னாலே அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான், அதான் உம்பேரைக் குடுத்தாங்க. கௌரவம் குடுத்திருக்காங்க, அது கூடப் புரியல உனக்கு."

"வெளிய," ன்னுச்சு மிளகு.

கடைசியா உருளைக்கிழங்கு வந்துச்சு. அது சண்டை போடல. மேல ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுட்டு மெதுவாப் பேசுச்சு.

"அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு நாள் என்னை விடுங்க. நம்ம வீட்டுக்காரரு எம்மேல உசுரா இருந்தாரு. வறுவல் போட்டா, சட்டியில ஒட்டுன மொறுமொறுப்பைச் சுரண்டி, அதுக்குள்ளயே சோத்தைப் போட்டுப் பெரட்டித் திம்பாரு. அப்புறம் டாக்டர் சுகர்னுட்டாரு. கடைசி ரெண்டு வருஷம் நான் கூடையில, அவரு நாற்காலியில. அவரு என்னைப் பாப்பாரு, நான் அவரைப் பாப்பேன். அவ்வளவுதான். இப்ப அவருக்குச் சுகர் ஏறப்போறது இல்ல. அவரு இலையில ஒரு துண்டு நான் இருக்கணும். வேற எதுவும் கேக்கல."

மிளகு கொஞ்சம் ஒதுங்கி வழி விடப் பாத்துச்சு. ஆனா தன்னோட ஒரு நாள் ராஜா நாற்காலி ஞாபகம் வந்துருச்சு.

"எந்த ஊரு?"

"பெரு நாட்டு மலை. ஆனா வந்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆயிருச்சு அண்ணாச்சி. போர்ச்சுகீசுக்காரன் கப்பல்ல வந்தோம். பம்பாயில இன்னும் அவன் வச்ச பேரைச் சொல்லி 'படாட்டா'ன்னுதான் என்னைக் கூப்பிடுறாங்க."

"பாரு, உன் வாயாலயே சொல்லிட்ட. வெளிய."

அந்த நேரம் பாத்து சீரகம் பம்மிப் பம்மி உள்ள போச்சு. மிளகு அதைப் பாத்தும் பாக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கிச்சு. ரெண்டும் அவ்வளவு சிநேகம்.

உருளைக்கிழங்கு கேட்டுச்சு. "அண்ணாச்சி, சீரகம் மட்டும் இந்த ஊரா? அதுவும் அரபு நாட்டுப் பக்கத்துல இருந்து வந்ததுதானே?"

"அவன் வந்து ரொம்ப காலம் ஆச்சு."

"எவ்வளவு காலம் ஆனா ஊர்க்காரன்னு சொல்லுங்க. நான் அது வரைக்கும் நின்னுக்குறேன்."

பதில் இல்லாதவங்க எல்லாரும் செய்யுறதைத்தான் மிளகும் செஞ்சுச்சு. குரலை ஒசத்துச்சு.

"நான் யாருன்னு தெரியுமாலே? ரோமாபுரிக்காரன் பொன்னைக் கொட்டி என்னை அள்ளிக்கிட்டுப் போனான். இது எம்மண்ணு."

"எது உம்மண்ணு?" ன்னு மிளகாய் பாஞ்சுச்சு. "நீயே மலைக்கு அந்தப் பக்கத்து கேரளத்து ஆளு. செங்கோட்டை வழியா பஸ்ல மூட்டையாக் கட்டி எறக்குனாங்க உன்னை."

அதுக்குள்ள கோமதி சக்கரவள்ளிக் கிழங்கைக் கழுவி, வேக வைக்க எடுத்தாங்க. திவசச் சமையல்ல அதுக்கு எப்பவும் எடம் உண்டு. உருளைக்கிழங்கு அதைப் பாத்துட்டு வாயைப் பொளந்துச்சு.

"ஏ சக்கரவள்ளி, நீ எங்க உள்ள போற? உனக்கும் அமெரிக்காதானேப்பா? நாம தாண்டி வந்தது ஒரே கடலு."

சக்கரவள்ளி பதறிப்போய்க் கிசுகிசுன்னு சொல்லுச்சு. "மெதுவாப் பேசுடா. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

"ஏன் உன்னை மட்டும் கேக்கல?"

"நான் இனிப்பா இருக்கேன்ல."

கூடாத காயெல்லாம் கூடையில ஏறி, அடுக்களை ஜன்னலுக்கு வெளிய இருந்த மேடைக்குப் போச்சு. மிளகு அன்னிக்கு எல்லாப் பாத்திரத்துலயும் ராஜநடை போட்டுச்சு. குழம்புல மிளகு, கூட்டுல மிளகு, வாழைக்காய் மேலயும் மிளகு.

மத்தியானம் சமையல் முடிஞ்சுச்சு. கோமதியோட மக வடிவு வாழை இலையில எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டுப் போயி மொட்டை மாடிச் சுவத்துல வச்சா. காக்கா எடுத்த பெறகுதான் வீட்டுல யாரும் சாப்பிடலாம். அது வரைக்கும் பச்சைத் தண்ணிதான்.

காக்கா வந்துச்சு. வந்து தண்ணி டேங்க் மேல உக்காந்துக்கிச்சு. எறங்கல.

"கா, கா," ன்னு வடிவு கூப்பிட்டா. ஆவுடையம்மா கூப்பிட்டாங்க. கோமதி கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டாங்க. காக்கா தலையைச் சாச்சு இலையைப் பாத்துச்சு.

இலையில இருந்து பாகற்காய் கேட்டுச்சு. "எதுக்கு யோசிக்கிற? எடுத்துக்கயேன்."

"நான் எனக்காக வரல. ஒருத்தருக்காக வந்திருக்கேன்," ன்னுச்சு காக்கா. "அவரு சொல்லி அனுப்புனது ஒண்ணே ஒண்ணு. அது இலையில இல்ல. உன்னைக் கொண்டுபோனா என்னைத்தான் திட்டுவாரு."

மனுஷங்களுக்கு இது கேக்குமா? அவங்களுக்குக் கேட்டதெல்லாம் அவங்கவங்க வயித்துச் சத்தம்தான். வெயில் ஏறுச்சு. ஆவுடையம்மா மாடிப்படியில தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க.

"காலையில சுகர் மாத்திரை போட்டுட்டேன் கோமதி. கண்ணைக் கட்டுது. எந்தம்பிக்கு என்னதான் கொறை வச்சோம்?"

"அத்தை, அப்பாவுக்குப் பாகற்காய் பிடிக்காதுன்னு காக்காவுக்கே தெரியுது," ன்னா வடிவு.

"வாயை மூடுட்டி."

கோமதி இலையில வச்சதை ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க. "மதினி, ஒண்ணு சொன்னாக் கோவிக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில இருக்கும்போது கூட அவுக கேட்டது உருளைக்கிழங்குதான். வீட்டுக்கு வாங்க, செஞ்சு தாரேன்னேன். வீட்டுக்கு வரல."

ஆவுடையம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "திவசத்துக்குக் கூடாதேம்மா," ன்னாங்க. குரல்ல பழைய அழுத்தம் இல்ல.

"மிளகாய் போடாம மிளகு போட்டு வறுக்கேன். அதுல பாதி நம்ம வழக்கம், பாதி அவுக ஆசை."

"என்னமும் செய்யி. நான் விழுறதுக்கு முன்னாடி செய்யி."

கோமதி கீழ எறங்கி வந்து கூடையில இருந்து உருளைக்கிழங்கை எடுத்துச் சீவிச் சட்டியில போட்டாங்க. எண்ணெய் சடசடன்னுச்சு. அப்புறம் மிளகைச் சின்ன உரல்ல போட்டு ஒரு இடி இடிச்சாங்க. மிளகு துள்ளி வெளிய விழுந்துச்சு. எடுத்துப் போட்டு மறுபடி இடிச்சாங்க. இந்தத் தடவை அடுப்பு மேடையில உருண்டு ஓடுச்சு.

"நான் போக மாட்டேன். இன்னிக்கு நான் ராஜா. காலையில வெளிய தள்ளுனவன் மேலயே போயி ஒட்டவா?"

சட்டியில இருந்து உருளைக்கிழங்கு சொல்லுச்சு. "அண்ணாச்சி, எனக்குன்னு ஒரு ருசியும் கெடையாது. வெறும் உப்போட போனா அவருக்கு எறங்காது. மிளகாய் வரக்கூடாது. உறைப்புக்கு உங்களை விட்டா இன்னிக்கு யாரு இருக்கா?"

மிளகு அசையல.

அப்ப ஜன்னல்ல இருந்து மிளகாய் பேசுச்சு. இந்தத் தடவை கத்தல.

"யோவ், ரோமாபுரி ரோமாபுரின்னியே. கப்பல் ஏறிப் போன உன் ஆளுங்க அங்க எப்படி இருக்காங்கன்னு தெரியுமா? உப்புக்குப் பக்கத்துல சரியாசனம் போட்டு மேசை நடுவுல உக்கார வச்சிருக்காங்க. முட்டை மேல தூவுறான், கறி மேல தூவுறான். வாசல்ல நிக்க வச்சு ஒருத்தனாவது கேள்வி கேட்டானா?"

மிளகு மெதுவாத் திரும்பிப் பாத்துச்சு.

"இன்னொண்ணும் கேட்டுக்க. வெள்ளைக்காரன் கடலைத் தாண்டி எதுக்கு வந்தான்? என்னை விக்கவா வந்தான்? உன்னைத் தேடித்தான்யா வந்தான். அவன் கப்பல்லதான் நான் வந்தேன், இந்தக் கெழங்கும் வந்துச்சு. நாங்க இந்த அடுக்களைக்கு வந்ததுக்கு வழி போட்டவனே நீதான். வரச் சொல்லிட்டு வாசலைச் சாத்துனா என்னய்யா நியாயம்?"

எண்ணெய் மட்டும் பேசிக்கிட்டு இருந்துச்சு.

மாடியில இருந்து வடிவு கத்துனா. "அம்மா, காக்கா றெக்கையை விரிக்கி. போயிரும் போல."

கோமதி கையை நீட்டி மிளகைப் பொறுக்கி மூணாவது தடவையா உரல்ல போட்டாங்க. மிளகு துள்ளல. கண்ணை மூடிக்கிட்டு ஒடஞ்சுச்சு.

சட்டிக்குள்ள விழுந்ததும் உருளைக்கிழங்கு கொஞ்சம் நகந்து எடம் விட்டுச்சு. "வாங்க அண்ணாச்சி. எண்ணெய் சூடா இருக்கும், பாத்து."

"எனக்கே சூடு சொல்லித் தாரியா?" ன்னு மொனகிக்கிட்டே மிளகு ஒவ்வொரு துண்டு மேலயும் ஏறி ஒட்டிக்கிச்சு. ஓரம் மொறுமொறுன்னு செவந்து வந்தப்போ அடிச்ச வாசனையில, படியில சாஞ்சிருந்த ஆவுடையம்மாவே நிமிந்து உக்காந்தாங்க.

கோமதி ஓட்டமா மாடிக்கு ஏறி, இலையில நாலு துண்டு வச்சாங்க. கை எடுக்குறதுக்குள்ள காக்கா எறங்கிருச்சு. பாகற்காயைத் தள்ளிவிட்டுச்சு, வாழைக்காயைத் தாண்டுச்சு, நல்லா செவந்த துண்டு ஒண்ணைப் பாத்துக் கொத்தி எடுத்துச்சு.

"எடுத்துட்டான். எந்தம்பி எடுத்துட்டான்," ன்னு ஆவுடையம்மா கண்ணுல தண்ணியோட சிரிச்சாங்க. அடுத்த நிமிஷமே, "ஏட்டி வடிவு, எலையைப் போடு. சட்டியில மிச்சம் இருக்கா, இல்ல எல்லாத்தையும் மேல கொண்டு வந்துட்டாளா உங்கம்மா?" ன்னு கேட்டுக்கிட்டே படி எறங்குனாங்க.

மேல, காக்கா அலகுல உருளைக்கிழங்கும் மிளகும் போய்க்கிட்டு இருந்துச்சு. கோயில் கோபுரம் சின்னதாச்சு, ரோடு கோடாச்சு, மேற்க மலை பச்சையா விரிஞ்சு கெடந்துச்சு. மிளகு இவ்வளவு ஒசரத்துல இருந்து எதையும் பாத்தது இல்ல.

"அந்தா மலை. எங்க வீடு அந்தப் பக்கம்," ன்னு ஆரம்பிச்சு, பாதியில நிறுத்துச்சு. எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம்னு அங்க இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல.

"அண்ணாச்சி, காத்து பலமா அடிக்கி," ன்னுச்சு உருளைக்கிழங்கு. "என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

மிளகு பிடிச்சுக்கிச்சு.