மடிப்புக் கலையாத சட்டை

தேவசகாயம் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். பந்தலில் கோஷம் நின்றது. அவர் கையில் ஒரு காக்கிச் சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. உடம்பில் தன்னுடைய பழைய கட்டம்போட்ட சட்டை.

பல்கலைக்கழக வாசலில் வேலைநிறுத்தத்துக்காக அந்தக் கயிற்றைக் கட்டியது சங்கம். ஒப்பந்த ஊழியர்களும் ஆய்வு மாணவர்களும் சேர்ந்து தொடங்கியது. அதற்கு ஆள் திரட்டினார் என்றுதான் ஆய்வக விலங்குகளைப் பராமரிக்கும் உதவியாளரான தேவசகாயத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவரைத் திரும்ப எடுக்க வேண்டும், சங்கத்தை ஏற்க வேண்டும். இரண்டும் நடக்கும்வரை கயிற்றைத் தாண்டுவதில்லை என்று எல்லோரும் உறுதி எடுத்திருந்தார்கள். தாண்டியவருக்குச் சங்கத்தில் இடமில்லை.

அன்று காலை பதிவாளர் காவலாளியிடம் அந்தச் சட்டையைக் கொடுத்தனுப்பினார். போட்டுக்கொண்டு உள்ளே வந்தால் தேவசகாயத்துக்கு மட்டும் வேலை உண்டு. சங்கப் பேச்சு கூடாது.

உள்ளே வெள்ளெலிகள் தண்ணீரில்லாமல் கிடந்தன. ஆய்வு மாணவி செண்பகவல்லியின் நாலு வருட ஆராய்ச்சி அவற்றில்தான் இருந்தது. செத்தால் அவளுக்குப் பட்டமில்லை. பந்தலுக்குப் பின்னால் அவரை நிறுத்தி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, என் கூண்டுக்கு மட்டும் தண்ணி வச்சிட்டு வந்திருங்களேன்."

அவர் கயிற்றை நோக்கி நடந்தார்.

எல்லாக் கூண்டுக்கும் தண்ணீர் வைத்துவிட்டு வெளியே வந்தபோதும் காக்கிச் சட்டை அதே மடிப்பில் இருந்தது. அதைப் போடாமல் நுழைந்தது அத்துமீறல், இனி வேலை இல்லவே இல்லை என்று பதிவாளர் சொல்லியனுப்பினார்.

சங்கச் செயலாளர் மாசிலாமணி பந்தலில் எழுந்து நின்றான்.

"யாரு சொல்லிப் போனிய, அண்ணாச்சி?"

"தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்க யாரு சொல்லணும்? எலி என்ன பதிவாளர் கட்சியா?"

யாரோ சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை. உங்களுக்காகத்தானே இத்தனை பேர் வெயிலில் கிடக்கிறோம் என்றான். அவரை நீக்கச் சம்மதமானவர்களைக் கைதூக்கச் சொன்னான். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. செண்பகவல்லி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவளும் தூக்கினாள்.

கயிற்றைத் தாண்டியவர், விதிப்படி நீக்கியவன், கைதூக்கியவள். இந்த மூவரில் சங்கத்தை முறித்தது யார்?

தேவசகாயம் உறுதியை மீறினார், ஆனால் சங்கத்தை விற்கவில்லை. சட்டையின் மடிப்பே சாட்சி. மாசிலாமணி தனக்குத் தெரிந்ததை வைத்து விதியைக் காத்தான். ஒருவருக்கு வந்ததை எல்லோரும் சுமக்கத்தான் சங்கம். தன் சுமையை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு, அவருக்கு எதிராகவே கைதூக்கிய செண்பகவல்லிதான் முறித்தவள். தேவசகாயம் காக்கிச் சட்டையைக் காவலாளியின் நாற்காலியில் வைத்தார். தான் தூக்கியதில் நெகிழ்ந்துபோன கயிற்று முடிச்சை இறுக்கிக் கட்டினார். பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.