ஒரு கோடு அழித்தவர்

பதினெட்டு வருடமாகத் தற்காலிக ஊழியராகப் பள்ளிக்கூடத்துப் பலகைகளைத் துடைத்து வந்தார் சவரிமுத்து. வேலை நிரந்தரமாக வேண்டுமானால், அவருக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் தெரியும் என்று தலைமையாசிரியர் வைத்தியலிங்கம் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றுதான் கடைசி நாள்; தவறினால் இருக்கிற வேலையும் போய்விடும்.

"துடைச்சுத் துடைச்சே கணக்கு வந்திருக்குமேப்பா!" என்று வகுப்பின் முன்னால் அவரை நிறுத்திய வைத்தியலிங்கம், கையேட்டைப் பார்த்து எழுதினார்: x³ + 3x² − 4x + 12. "ரெண்டு ரெண்டா சேர்த்துக் காரணிப்படுத்து. அப்புறம் கையெழுத்து."

பிள்ளைகள் சிரித்தார்கள். சவரிமுத்து எழுதினார்: x²(x + 3) − 4(x − 3).

"ரெண்டு அடைப்பும் ஒண்ணா வந்தாத்தான் மேல போகணும்னு ஐயாதான் சொல்லுவீங்க. இங்க வரலையே. மீதியை நீங்களே போட்டுக் காட்டுங்க."

வைத்தியலிங்கம் பலகை நிறைய எழுதிப் பார்த்தார். வரவில்லை. "சோதனை உனக்குத்தான், எனக்கில்ல" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சது துடைக்கிறதுதாங்க." கணக்கில் பன்னிரண்டுக்கு முன்னால் இருந்த கூட்டல் குறியின் நிமிர்ந்த கோட்டை மட்டும் சவரிமுத்து விரல் நுனியால் அழித்தார். அது கழித்தலானது. பலகையின் அடியில் விடையை எழுதினார்: (x + 3)(x + 2)(x − 2).

முன்பெஞ்சுப் பெண் மேசையிலிருந்த கையேட்டை எட்டிப் பார்த்தாள். "ஐயா, இதுலயும் கழித்தல்தான்!"

வகுப்பே சிரித்தது. வைத்தியலிங்கம் கையெழுத்தில்லாத படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மீதியையும் துடைச்சிட்டு, சாவியை ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ."

சவரிமுத்து மேலிருந்து துடைக்கத் தொடங்கினார். விடை கடைசி வரியில் இருந்தது.