இரண்டாவது தாள்

விருதுநகரில் பவளக்கொடி என்றொரு நர்ஸ் இருந்தாள். ஊர் ஊராக மாற்றலாகிப் போன தோழிகளோடு 'மாயக்கோட்டை' என்ற சீட்டு விளையாட்டை ஆட, அவளே ஒரு இணையதளம் நடத்தினாள். அந்தச் சீட்டுகளை அச்சிட்டு விற்கும் கம்பெனி ஆட்சேபித்தது. உடனே அவர்களுடைய படங்களையும் வாசகங்களையும் எடுத்துவிட்டுத் தானே வரைந்து, தன் சொற்களில் எழுதிப் போட்டாள்.

அப்படியும் கம்பெனியின் சட்ட அதிகாரி ஜெயசீலன் விடவில்லை. அவளைச் சென்னைக்கு வரவழைத்து, முதலாளி மெஹருன்னிசா முன்னால் மேசையைத் தட்டினார்.

"ஆடுற விதியும் எங்களோடதுதான். தளத்தை இன்னைக்கே மூடணும்."

"மூடிடறேன் சார். இதுல இருக்கிற விதியெல்லாம் உங்களோடதுன்னு எழுதி மட்டும் கொடுங்க" என்று பவளக்கொடி ஆட்ட விதிகள் எழுதிய இரண்டு தாள்களை நீட்டினாள்.

அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டிலும் 'முழுவதும் எங்களுக்கே சொந்தம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"ரெண்டாவதைக் கொஞ்சம் வாசிங்க சார்."

ஜெயசீலன் கணீரென்று தொடங்கினார். "ஒருவர் போட்ட இனத்தையே மற்றவர்களும் போட வேண்டும். இல்லாதவர் வெட்டலாம்..." குரல் இறங்கியது.

"இது நான் ஸ்கூல்ல ஆடின கழுதை ஆட்டமாச்சே! இது எப்ப நம்மளோடதாச்சு?" என்றார் முதலாளி.



"படமும் எழுத்தும் உங்களோடதும்மா, எடுத்துட்டேன். ஆடுற விதத்துக்கு ஏது சொந்தக்காரங்க?" என்றாள் பவளக்கொடி.

முதலாளி தலையசைத்தார். "உங்க தளம் இருக்கட்டும். ஜெயசீலன், கையில இருக்கிற சீட்டுல கடைசி விதியையும் வாசிச்சிடுங்க."

அவர் மெல்ல வாசித்தார்: "கடைசிவரை கையில் சீட்டோடு இருப்பவரே கழுதை."