உறைக்குள் போன கொம்பையா

பாளையங்கோட்டையில் மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். மூன்று பேர் மூளையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. அது அவர்களுக்குத் தெரியாததால் நிம்மதியாக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையானால் எபனேசர் வீட்டு மாடியில் கூடுவார்கள். ஆளுக்கொரு வீரனாக மாறி, பகடை உருட்டி, வாயாலேயே காடு மலை தாண்டுகிற ஆட்டம். கதையை நடத்துகிறவன் எபனேசர். மடியில் செங்கல் கனத்துக்கு ஒரு விதிப் புத்தகம். அதில் உள்ளதெல்லாம் அவனுக்கு வேதவாக்கு.

ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் சாகிறவன் கொம்பையாதான். வாளை எங்கேயாவது மறந்து வைத்துவிடுவான். இந்தத் தடவையாவது கடைசிவரை உயிரோடு இருக்கவேண்டும் என்று கைச்சண்டை வீரனாகச் சேர்ந்தான். கையை மறந்து வைக்க முடியாதல்லவா? பாம்பு கடித்த ராஜாவுக்கு மருந்து கொண்டுபோகிற பொறுப்பும் அவனுக்கே கிடைத்தது. பெருமையில் இட்லிகூட இறங்கவில்லை.

அரண்மனை வாசல் வந்தது. எபனேசர் காவலாளியின் குரலில் உறுமினான்: "ஆயுதங்களை இங்கே வைத்துவிட்டு உள்ளே போகலாம்!"

மூன்றாமவன் சேர்மதுரை தன் கோடாலியை வைத்துவிட்டான். கொம்பையா கையை வீசிக்கொண்டு நடந்தான்.

"நில்லுலே! அந்தக் கை?"

"கைக்கு என்னலே?"

எபனேசர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தான். "கைச்சண்டை வீரனுக்குக் கை, கால், தலை யாவும் ஆயுதமே. எல்லாத்தையும் கழத்தி வச்சுட்டுப் போ."

"அப்புறம் உள்ள எதுலே போவும்?"

"வயிறு போவும்," என்றான் சேர்மதுரை. "வயித்தப் பத்தி ஒண்ணும் போடல."

"வயிறு எப்பிடிலே தனியா நடக்கும்?"

"உருட்டி விடுவோம்."

உள்ளே ராஜா நுரை தள்ளிக்கொண்டிருக்கிறார். கொம்பையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, சேர்மதுரை கண்ணில் இன்னொரு விதி பட்டது: உறையில் இட்ட ஆயுதத்தை உள்ளே கொண்டுபோகலாம்.

உடனே வீட்டிலிருந்த தலையணை உறைகளையெல்லாம் உருவினார்கள். கைக்கு, காலுக்கு, கடைசியில் தலைக்கும் மாட்டினார்கள். டீ கொண்டுவந்த எபனேசரின் அம்மா பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

ராஜாவுக்கு மருந்து புகட்ட, கொம்பையா உறைக்கையால் பகடையைத் தள்ளினான். ஆறு! ராஜா கண் விழித்தார். உறைக்குள்ளே கொம்பையாவுக்குக் கண் கலங்கியது, யாரும் பார்க்கவில்லை.

"வீரனே, என் மந்திர வாள் உனக்கே!" எபனேசர் ராஜாவாகி அடிஸ்கேலை நீட்டினான். கொம்பையா பாய்ந்தான்.

"பொறுலே. கையில வேற ஆயுதம் இருந்தா வாள வாங்கக் கூடாது. ஒன் கையில என்ன இருக்கு?"

"கைதான் இருக்கு."

"அதக் கீழ வச்சுட்டு வாங்கு."

"எந்தக் கையாலலே வைக்க?"

மூவரும் பொழுது சாயும்வரை யோசித்தார்கள்.

"சரி, நீயே வச்சுக்கோ," என்றான் கொம்பையா பெருந்தன்மையாக.

"ராஜா நீட்டின கைய மடக்கப்பிடாதுலே," என்றான் எபனேசர்.

மறுநாள் காலை அவன் நீட்டின கையோடுதான் வேலைக்குக் கிளம்பினான். பரிசு தனக்குரியது என்பதால் கொம்பையாவும் உறைகளோடு கூடவே போனான். ரோட்டில் நின்றதும் ஒரு பஸ் வந்து நின்றது. நிறுத்திவிட்டு ஏறாமலிருந்தால் மரியாதையில்லையே என்று ஏறினார்கள். இறங்கினார்கள். அடுத்த பஸ் நின்றது. அதிலும் ஏறினார்கள். மத்தியானம் நாகர்கோவிலில் போய் நின்றார்கள்.

எபனேசருக்கு வேலை எதிர்வீட்டில்.