தேய்ந்த வண்டிக்கு எண்ணெய்

கோவில்பட்டியிலே திருமேனிநாதர் என்று ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி. இறந்துபோன மனைவி ஆசையாய் ஏறிய அவருடைய பழைய அம்பாசிடர், ஓடி ஓடித் தேய்ந்து புகை கக்கியது.

முதலாளி டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “புது காருக்கு ஊத்துற லேசான எஞ்சின் எண்ணெயையே இதுக்கும் ஊத்துலே. அப்பவும் புகைஞ்சா, நாளைக்கே பழைய இரும்புக் கடைக்குத்தான்.”

டிரைவர் சொரிமுத்து பணிவாய்ச் சொன்னான்: “சரி முதலாளி. நீங்களும் அந்தக் கல்யாண மோதிரத்துல சுத்தின நூலை அவுத்துருங்க.”

“கூறுகெட்டவனே! விரல் மெலிஞ்சு போச்சு. நூல் இல்லேன்னா நழுவிராதா?”

“வண்டிக்கும் உள்ளே தேய்ஞ்சு இடைவெளி விட்டிருக்கு முதலாளி. லேசான எண்ணெய் நழுவிப்போய் எரியுது. கொஞ்சம் கெட்டியானது ஊத்தினா நிக்கும்.”

முதலாளி மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெட்டியானதையே வாங்கிட்டு வாலே.”

மறுநாள் புகை அடங்கி வண்டி கிளம்பியது. பின்சீட்டில் தனியாக ஏறிய முதலாளி, பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு ஓரமாகவே உட்கார்ந்தார்.